நீண்ட ஊழியப் பயணத்தை நிறைவாக வாழ்வது எப்படி: கிளிமஞ்சாரோ சரிவில் ஒரு வருடம்

எங்கள் சபையிலிருந்து யாராவது வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்பினால் என்னிடம் முதலில் கேட்பது என்னென்ன எடுத்துப் போகணும், எவ்வளவு செலவாகும் என்றுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் நான் சொல்ல ஆசைப்படுவது வேறு. தான்சானியாவில், கிளிமஞ்சாரோ மலையின் தென்கிழக்குச் சரிவில், மராங்கு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஜனவரி தொடங்கி டிசம்பர் கடைசி வரை கணக்குப் பாடம் நடத்தினேன், ஞாயிறுபள்ளிக்கும் உதவினேன். அந்த வருடத்தில் என் மனசுக்குப் பிடித்த விஷயங்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் நடக்கவில்லை. கொடுக்க வந்தவள் என்ற நினைப்பு மெல்லத் தளர்ந்து, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளப் பழகிய பிறகுதான் அவை நடந்தன. அந்த இடத்துக்கு நீங்கள் கொஞ்சம் சீக்கிரமாக வந்துசேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: காலத்தை முடிவு செய்யுங்கள்

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: பத்து நாள் பயணத்தில் நீங்கள் அவர்களுக்கு விருந்தாளி, அவ்வளவுதான். உங்களைக் கவனிப்பதிலேயே அந்த வீட்டின் பத்து நாள் போய்விடும். குறைந்தது பத்து மாதம் இருக்க முடியும் என்றால் போங்கள்.

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, அதனால் ஆசிரியராகப் போகிறவர்கள் ஜனவரியில் இறங்குவதே நல்லது. மார்ச் முதல் மே வரை பெரிய மழை, ஜூன் ஜூலையில் நல்ல குளிர், நவம்பர் வாக்கில் சின்ன மழை. டிசம்பரைத் தவறவிடவே கூடாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படி 2: காகிதம், ஊசி, பெட்டி

சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவது சட்டப்படி தவறு. மிஷனரிகள், தன்னார்வலர்கள், மாணவர்கள் போன்றோருக்கு அங்கே சி வகுப்புக் குடியிருப்பு அனுமதி என்று ஒன்று இருக்கிறது. உங்களை அழைக்கும் சபையின் மூலமாகத்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், அதனால் நான்கைந்து மாதம் முன்பே வேலையை ஆரம்பியுங்கள். என் சான்றிதழ்களில் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இருந்ததைச் சரிசெய்யவே எனக்கு ஆறு வாரம் ஓடிவிட்டது. இனிஷியலை விரித்து எழுதும் நம் ஊர்ப் பிரச்சினை உங்களுக்கும் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு போங்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாக விமானம் மாற வேண்டி வரலாம், எங்கே கேட்டாலும் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை கையில் இருந்தால் நிம்மதி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். மலேரியாவுக்கு டாக்டரிடம் கேட்டு மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலைமேல் போகப்போகக் கொசு குறைவு, ஆனால் சந்தைக்கென்று கீழே மோஷி ஊருக்கு இறங்காமல் இருக்க முடியாது.

பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 2019 ஜூன் முதல் அங்கே தடை, வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். துணிப்பை போதும். ஒரு கனமான ஸ்வெட்டர், டார்ச், சாம்பார் பொடி, உங்கள் வீட்டுப் படங்கள் பத்து. படங்கள் கட்டாயம். யாருடைய மகள், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள், அதற்குப் பிறகுதான் என்ன படித்தாய் என்பதெல்லாம். மசாலா, பருப்பு பற்றிக் கவலை வேண்டாம். மோஷியில் இந்தியர் கடைகள் இருக்கின்றன, துவரை அந்த நாட்டிலேயே விளைகிறது, அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலில்கூட வருகிறது. முழுப் பயறாகத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பார்கள். நான் முதல் தடவை சாப்பிட்டபோது இத்தனை வருடம் இதை உடைத்துத்தான் தின்றோமா என்று வருத்தமாக இருந்தது.

படி 3: மொழிக்கு முதல் எட்டு வாரத்தைக் கொடுத்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள். ஆங்கிலம் போதும் என்று பள்ளியில் சொல்வார்கள். பள்ளிக்குப் போதும். சமையலறைக்குப் போதாது, துக்க வீட்டுக்குப் போதாது.

தமிழருக்கு அந்த நாட்டு மொழியான ஸ்வாஹிலி எளிது என்பது என் உறுதியான எண்ணம். நாம் பேச்சில் புக்கு, பஸ்ஸு என்று கடைசியில் ஓர் உயிரெழுத்தைச் சேர்க்கிறோமே, அங்கே ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரில்தான் முடியும்: கிதாபு, பாசி. ஒரே வினைச்சொல்லுக்குள் யார், எப்போது, யாரை என்று அடுக்குவார்கள். நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள். தமிழ் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

என்னைக் கட்டிப்போட்டது இலக்கணம்கூட இல்லை. நான் டெல்டாக்காரி. வயலில் நிற்பது நெல், மூட்டையில் இருப்பது அரிசி, தட்டில் விழுவது சோறு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான். ஸ்வாஹிலியில் வயலில் ம்புங்கா, மூட்டையில் ம்ச்செலே, தட்டில் வாலி! இதைக் கற்றுக்கொண்ட அன்றைக்குத் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் நம்முடைய மூன்று சொல்லையும் சொல்லிக் காட்டினேன், அவர் "சோறு, சோறு" என்று இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உறவுமுறை. அப்பாவின் அண்ணன் பாபா ம்குப்வா, அதாவது பெரிய அப்பா. தம்பி பாபா ம்டோகோ, சின்ன அப்பா. பெரியம்மா, சின்னம்மாவும் இதே மாதிரி. தாய்மாமனுக்கு ம்ஜோம்பா, அத்தைக்கு ஷங்காஸி. அங்கிள், ஆன்ட்டி என்று எல்லாரையும் ஒரே பையில் போடும் வேலையே இல்லை. வீட்டுப் படங்களைக் காட்டி இவர் என் பாபா ம்டோகோ என்று சொன்ன நிமிஷத்தில் சமையலறையில் எல்லாரும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கிட்ட வந்துவிட்டார்கள்.

நேரக் கணக்கை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பொழுது விடிந்ததும் எண்ணிக்கை தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு மணி ஒன்று, நம் பத்து மணி அவர்களுக்கு மணி நான்கு. "நான்கு மணிக்கு வா" என்று ஸ்வாஹிலியில் சொன்னால் காலை பத்துக்குப் போய் நிற்க வேண்டும். நம் தாத்தாமார் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

வணக்கம் சொல்வதில் அவசரப்படாதீர்கள். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ", அவர்கள் பதிலுக்கு "மரஹபா". பிறகு காலை எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி. இவ்வளவையும் கேட்டு முடித்துத்தான் வந்த விஷயம். ஒரு வீட்டு வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "கரிபு" என்று வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த சொல் "போலே". கல்லில் இடறினால் போலே, சுமை தூக்கி வந்தால் போலே, பயணம் முடித்து வந்தால் போலே, வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போனாலே போலே. தவறு தன்னுடையதாக இல்லாவிட்டாலும் உன் கஷ்டம் எனக்குத் தெரிகிறது என்று சொல்லும் சொல் அது. தமிழில் இதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

படி 4: விருந்தினர் விடுதியில் தங்காதீர்கள்

சபை உங்களுக்கு நல்ல அறை ஒன்றைத் தயாராக வைத்திருக்கும், தண்ணீர் வரும், கதவு பூட்டும். நன்றி சொல்லிவிட்டு, ஒரு குடும்பத்தோடு தங்க முடியுமா என்று போதகரிடம் கேளுங்கள். வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுங்கள், பேச்சை முதலிலேயே போதகர் முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரிவில் வாழ்கிற சாகா மக்களின் வீட்டுத் தோட்டத்துக்குக் கிஹம்பா என்று பெயர். மேலே உயர்ந்த மரங்கள், அதற்குக் கீழே வாழை, அதற்கும் கீழே காபிச் செடி, தரையில் கிழங்கும் கீரையும். நடுவில் வீடு, பக்கத்தில் தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடு. குடும்பத்தின் பெரியவர்களைப் புதைத்த இடமும் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே. காலையில் எழுந்து தாத்தாவின் கல்லறையைத் தாண்டித்தான் கீரை பறிக்கப் போவேன். முதலில் தயக்கமாக இருந்தது, சில வாரத்தில் அவருக்கும் மனசுக்குள் ஷிகமோ சொல்லிவிட்டுப் போகப் பழகிவிட்டேன்.

மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தோட்டந்தோட்டமாகக் கொண்டு வந்திருக்கிறார்கள், பல தலைமுறை வேலை அது. முறை வைத்துத்தான் தண்ணீர். முறைப்பாசனம் என்றால் என்ன, முறை தவறினால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அப்படி ஒரு சண்டை வந்து பேச்சே நின்றுபோனது. நான்காம் நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு நீண்ட பச்சை இலையோடு வாசலில் வந்து நின்று ஹோடி சொன்னார். இசாலே என்பார்கள் அந்தச் செடியை, தோட்டத்துக்கு எல்லையாக நடுவதும் அதைத்தான். அந்த இலையைக் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்பவரை மறுத்து அனுப்பக் கூடாது. வீட்டு அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வந்தது. மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த இலையைப் பார்த்தது எனக்கு அதைவிட ஆழமாகப் பதிந்துவிட்டது.

சாப்பாட்டில் பிடிவாதம் வேண்டாம். உகாலி என்பது சோளமாவுக் களி, நம் கேழ்வரகுக் களி சாப்பிட்டவர்களுக்குக் கை தானாக உருட்டும். ம்ச்சிச்சா என்பது நம் தண்டுக்கீரை வகைதான். வாழைக்காயையும் இறைச்சியையும் குழைய வேகவைத்த ம்டோரி கஞ்சியைப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுப்பார்கள், நம் பத்தியச் சாப்பாடு மாதிரி. எனக்கு ஏப்ரலில் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் அதைத்தான் ஊட்டினார்கள். ஊட்டினார்கள் என்பதைப் பார்த்து எழுதித்தான் இருக்கிறேன், வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினார். உதவி செய்ய வந்த நான் படுத்துக்கொண்டு ஊட்டிவிடச் சாப்பிட்டேன், அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் என்னை யாரும் விருந்தாளியாக நடத்தவில்லை. பாத்திரம் கழுவவும் விட்டார்கள்.

படி 5: வேலையை ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்

உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு ஒரே வகுப்பில் நில்லுங்கள். அவரைத் தள்ளிவிட்டுத் தனியாக நடத்தினால் நீங்கள் கிளம்பிய மறுநாளே எல்லாம் நின்றுவிடும்.

தான்சானியாவில் அரசுத் தொடக்கப்பள்ளி முழுவதும் ஸ்வாஹிலியில். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பில் ஸ்வாஹிலி தவிர மற்ற எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேள்வி புரியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் முதல் செமஸ்டரில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எனக்கு வழி தெரிந்தது: ஒவ்வொரு பாடத்துக்கும் இருபது சொல்லை எடுத்து, ஸ்வாஹிலியில் என்ன, ஆங்கிலத்தில் என்ன என்று சுவரில் எழுதி ஒட்டினோம். ஸ்வாஹிலிச் சொல்லைப் பிள்ளைகள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், ஆங்கிலச் சொல்லை நான் அவர்களுக்கு. வாய் திறக்காத பிள்ளைகள் என் உச்சரிப்பைத் திருத்துவதற்காகவே வாய் திறந்தார்கள். உங்களிடம் எந்தக் குறை இருந்ததோ, அதைத் தாண்டி வந்த அனுபவம்தான் அங்கே அதிகம் பயன்படும். போவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்து வையுங்கள்.

பணம் கையில் கொடுக்காதீர்கள், எந்த உதவியும் பள்ளி வழியாக, சபை வழியாக. பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள்.

படி 6: ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள்

ஆராதனை மூன்று மணி நேரம் போகும். மூன்று, நான்கு பாடகர் குழுக்கள், பித்தளை ஊதுகருவிகள். நான் போனது லுத்தரன் சபை. தரங்கம்பாடி பக்கத்து லுத்தரன் பிள்ளையான எனக்கு உள்ளே நுழைந்ததும் ஏதோ தெரிந்த இடம் மாதிரி இருந்தது, காரணமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் பக்கம் வேலை செய்த அதே ஜெர்மானிய லைப்சிக் மிஷன்தான் 1893இல் கிளிமஞ்சாரோவுக்கும் ஆள் அனுப்பியது. அதனால் நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் உள்ள ஜெர்மானிய மெட்டுகள் அங்கேயும் இருக்கின்றன. வார்த்தை ஸ்வாஹிலி, மெட்டு நான் பாட்டி மடியில் கேட்டது. முதல் ஞாயிறு அவர்கள் ஸ்வாஹிலியில் பாட நான் தமிழில் பாடினேன், யாருக்கும் இடறவில்லை.

ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். காசு இல்லாதவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், முட்டை, கரும்பு, கோழி எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். ம்னாடா என்று பெயர். அறுப்பின் பண்டிகையில் நம் கோயிலில் பூசணிக்காய்க்கு நடக்குமே, அதே கூச்சல், அதே சிரிப்பு. அங்கே பெரும்பாலான ஞாயிறுகளில் நடக்கும். ஏலம் எடுத்ததை எடுத்தவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஒரு நாள் பின்வரிசைப் பாட்டி ஒருவர் ஆறு முட்டையை ஏலத்தில் எடுத்து நேராக என்னிடம் வந்து "ம்வலிமு, இது உனக்கு" என்றார். ம்வலிமு என்றால் ஆசிரியர். வேண்டாம் பாட்டி, நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வீட்டு அம்மா என் முழங்கையைப் பிடித்து மெதுவாக, "வாங்கிக்கொள், அவர் கொடுப்பதற்கு ஆறு மாதமாக ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்" என்றார். ஓடிப்போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நீங்கள் முதல் தடவையே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: நான்காம் மாதத்துக்குத் தயாராக இருங்கள்

மழை நிற்காது, கரண்ட் போகும், துணி காயாது, நான் இங்கே என்ன செய்கிறேன் என்று அழுகை வரும். இது எல்லாருக்கும் வரும், திரும்பிவிட வேண்டும் என்ற அர்த்தம் இல்லை. வீட்டுக்குத் தினமும் வீடியோ கால் பேசுவதைக் குறைத்து வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு மாலை என்று வைத்துக்கொண்டேன் (நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம்). மனசு அங்கேயே இருக்க ஆரம்பித்தது. தினமும் நடந்ததில் ஒரு விஷயம் மட்டும் நோட்டில் எழுதுங்கள், ஊரில் நமக்காக ஜெபிக்கிறவர்களுக்கு எழுதும் ஜெபக் கடிதத்துக்கும் அது உதவும்.

படி 8: மலையைப் பாருங்கள்

5,895 மீட்டர். உச்சிக்கு ஏறுவதற்குப் பெரிய தொகை வேண்டும், அது ஊழியத்துக்கு வந்தவர்களுக்குக் கட்டாயம் இல்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து வாசலில் நின்றால் போதும். பிற்பாடு மேகம் மூடிவிடும். பனி படிந்த கிபோ சிகரம் ஒரு பக்கம், முள்முள்ளாக மாவென்சி சிகரம் ஒரு பக்கம். மாவென்சி சும்மாச் சும்மா நெருப்புக் கேட்டு வந்து தொல்லை கொடுத்ததால் கிபோ உலக்கையால் அடித்து அப்படி உடைந்துபோனதாம், பள்ளிப் பிள்ளைகள் சொன்ன கதை. ஒரு நாள் நடை வேண்டுமென்றால் மராங்கு வாசல் வழியாக சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் உள்ள மந்தாரா குடில் வரை போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம். பூங்காக் கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 9: டிசம்பரும் விடைபெறுவதும்

டார் எஸ் சலாமிலும் அருஷாவிலும் வேலை பார்க்கும் சாகா மக்கள் எல்லாரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் பொங்கலுக்குக் கோயம்பேட்டில் பார்த்த கூட்டம்தான். வருடம் முழுக்கப் பூட்டியிருந்த வீடுகளில் விளக்கு எரியும், கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், நிச்சயதார்த்தம், ஞானஸ்நானம், பங்காளிச் சண்டைப் பஞ்சாயத்து எல்லாம் அந்த இரண்டு வாரத்தில்தான். அதுவரை பேர் மட்டும் கேட்டிருந்த பாபா ம்டோகோவும் ஷங்காஸியும் ஒவ்வொருவராக வந்து இறங்க, அவர்களுக்கு என்னைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது.

விடைபெறுவதை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். வீடுவீடாகப் போங்கள், டீ குடியுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் முடியாது. திரும்ப வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். பெட்டியில் பாதி இடத்தைக் காலியாக வையுங்கள், காபிக் கொட்டையும் துணியும் வந்து சேரும்.

துணி என்றால் காங்கா. பெண்கள் இடுப்பில் கட்டுவது, தலையில் போடுவது, பிள்ளையை முதுகில் சுமப்பது எல்லாம் அதில்தான். கரையோரம் ஒரு வாசகம் அச்சடித்திருக்கும், சந்தையில் நிறத்தைப் பார்த்து எடுக்காமல் வாசகத்தைப் படித்துத்தான் எடுப்பார்கள். எப்போதும் ஜோடியாகத்தான் விற்கும், இரண்டு துண்டு சேர்ந்தே இருக்கும், வாங்கி வந்து நடுவில் வெட்டி ஓரம் தைக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின இரவு வீட்டு அம்மா புதுக் காங்கா ஒன்றை விரித்து, என்னை ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினார். ஒன்றை மடித்து என் பெட்டியில் வைத்தார், இன்னொன்றை அப்போதே இடுப்பில் கட்டிக்கொண்டு ராத்திரிச் சமையலுக்குப் போனார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.